வெப்பநிலை மாற்றும் நிரல்: இரண்டு புள்ளிகளிலிருந்து தொடங்குவோம்

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே எழுதிப் பார்க்கிற நிரல்களில் ஒன்று, செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவது. மூன்று வரியில் வேலை முடிந்துவிடும். பலரும் சூத்திரத்தை எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறார்கள், விடை வந்ததும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போவது பெரிய இழப்பு என்று நான் நினைக்கிறேன். வகுத்தலில் வரும் பிழை, அடைப்புக்குறியில் வரும் பிழை, தசம எண்களின் குணம், தப்பான உள்ளீடு என்று பின்னால் பெரிய நிரல்களில் உங்களைத் திணறடிக்கப்போகும் விஷயங்கள் எல்லாம் இந்தச் சின்ன நிரலுக்குள்ளேயே இருக்கின்றன. அதோடு, விடை சரியா தப்பா என்பதைக் கையிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

நிரல்களை எழில் மொழியில் எழுதிக் காட்டுகிறேன். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய கட்டற்ற மென்பொருள் அது. தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதலாம், உள்ளே பைத்தானின் மேல்தான் ஓடுகிறது. நீங்கள் பைத்தான் கற்கிறவர் என்றாலும் கவலை இல்லை. எழிலின் 'பதிப்பி' பைத்தானில் 'பிரிண்ட்', 'நிரல்பாகம்' என்பது 'டெஃப்', 'பின்கொடு' என்பது 'ரிட்டர்ன்', 'ஆனால்' என்பது 'இஃப்', 'இல்லை' என்பது 'எல்ஸ்', 'வரை' என்பது 'வைல்'. எழிலில் ஒவ்வொரு பகுதியையும் 'முடி' என்று மூட வேண்டும். பைத்தானில் அதற்குப் பதில் வரியை உள்தள்ளி எழுதினாலே போதும்.

முதலில் சூத்திரம் எங்கிருந்து வருகிறது?

கணினியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். ஒன்று செல்சியஸ், மற்றது ஃபாரன்ஹீட். இரண்டிலும் தண்ணீர் உறையும் இடத்தையும் கொதிக்கும் இடத்தையும் குறியுங்கள். செல்சியஸ் கோட்டில் 0, 100. ஃபாரன்ஹீட் கோட்டில் 32, 212.

இப்போது இரண்டையும் ஒப்பிடுங்கள். உறைவதிலிருந்து கொதிப்பது வரை செல்சியஸில் 100 படிகள், ஃபாரன்ஹீட்டில் 180 படிகள். அதாவது செல்சியஸின் ஒரு படி ஃபாரன்ஹீட்டின் 1.8 படிக்குச் சமம். 180-ஐ 100-ஆல் வகுத்தால் கிடைக்கும் 9/5-ம் அதுதான். அப்புறம், செல்சியஸ் 0-இல் தொடங்கும் இடத்தில் ஃபாரன்ஹீட் ஏற்கெனவே 32-இல் இருக்கிறது. ஆகவே படிகளை 1.8-ஆல் பெருக்கி, தொடக்கத்தில் இருக்கும் 32-ஐக் கூட்ட வேண்டும். திரும்பி வருவதற்கு, கடைசியில் செய்ததை முதலில் அவிழ்க்க வேண்டும்: 32-ஐக் கழித்துவிட்டு 1.8-ஆல் வகுக்க வேண்டும்.

இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். 9/5-ஆ 5/9-ஆ, 32-ஐக் கூட்டுவது முன்னாலா பின்னாலா என்ற குழப்பமே மனப்பாடத்தால் வருவது. இரண்டு புள்ளிகளை நினைவில் வைத்திருந்தால் மீதி எல்லாம் அங்கிருந்து தானாக வரும்.

ஃபாரன்ஹீட்டில் ஏன் 32 என்ற விநோதமான எண் என்று கேட்பீர்கள். டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவையை வெளியிட்டபோது தண்ணீர் உறைவதை 0 என்று வைக்கவில்லை. பனிக்கட்டி, தண்ணீர், நவச்சாரம் என்ற உப்பு மூன்றும் கலந்த கலவையின் குளிரை 0 என்று வைத்தார். பனிக்கட்டி உருகும் தண்ணீர் அதற்கு மேலே 32-இல் வந்தது. உடல் சூட்டை 96 என்று குறித்தார். பூஜ்ஜியம் எங்கே இருக்க வேண்டும் என்பது ஒருவர் எடுத்த முடிவு. அந்த முடிவின் தடம்தான் இன்று நம் நிரலில் 'கூட்டு 32' என்று நிற்கிறது.

முதல் நிரல்

சரி, எழுதுவோம்.

செ = 37.0
பா = செ * 9.0 / 5.0 + 32.0
பதிப்பி "ஃபாரன்ஹீட்:", பா

'செ', 'பா' இரண்டும் மாறிகள். முதல் வரி ஒரு எண்ணை வைக்கிறது, இரண்டாவது கணக்குப் போடுகிறது, மூன்றாவது காட்டுகிறது. 98.6 வர வேண்டும்.

கணக்கைக் கையில் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு: எண்ணை இரட்டியுங்கள், வந்ததில் பத்தில் ஒன்றைக் கழியுங்கள், 32-ஐக் கூட்டுங்கள். 37-ஐ இரட்டித்தால் 74. அதில் பத்தில் ஒன்று 7.4 போனால் 66.6. கூட்டு 32, விடை 98.6. இது தோராயக் கணக்கு இல்லை, அப்படியே சரியான விடை. இரண்டில் பத்தில் ஒன்றைக் கழித்தால் 1.8 தானே!

9 என்று எழுதாமல் 9.0 என்று எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? காரணம் இருக்கிறது.

வகுத்தல் செய்யும் மாயம்

நான் சி மொழி படிக்கத் தொடங்கிய நாட்களில், ஃபாரன்ஹீட்டிலிருந்து செல்சியஸுக்கு மாற்றும் நிரல் ஒன்று எழுதினேன். 212 கொடுத்தேன், 0 என்றது. 98 கொடுத்தேன், 0 என்றது. எதைக் கொடுத்தாலும் 0. சூத்திரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. 5 / 9 * (பா - 32) என்றுதான் எழுதியிருந்தேன். ஒரு மாலைப்பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

என்ன நடந்தது என்றால், சி, ஜாவா போன்ற மொழிகளில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். தசமப் பகுதி வெட்டுப்பட்டுப் போய்விடும். 5-ஐ 9-ஆல் வகுத்தால் 0.555..., அதை வெட்டினால் 0. அதற்கு அப்புறம் எதைப் பெருக்கினாலும் 0 தான். பழைய பைத்தான் 2-ம் இப்படித்தான் செய்தது. பைத்தான் 3-இல் சாய்கோட்டு வகுத்தல் தசம விடையைத் தருகிறது.

இதில் இன்னும் ஆபத்தானது, விடை முழுக்கத் தப்பாகாமல் கொஞ்சம் மட்டும் தப்பாவது. முழு எண்களாகவே வைத்து 37 * 9 / 5 + 32 என்று எழுதினால் முதலில் 333 வரும், அதை 5-ஆல் வகுத்து வெட்டினால் 66, கூட்டு 32, ஆகமொத்தம் 98. உண்மையான விடை 98.6. எல்லா விடையும் 0 என்று வந்தால் உடனே கண்ணில் படும். 98 யார் கண்ணிலும் படாது. அதே கணக்கை 9 / 5 * 37 + 32 என்று மாற்றி எழுதினால் 9 / 5 வெட்டுப்பட்டு 1 ஆகி, விடை 69 என்று வரும். எண்கள் அதேதான், குறிகளும் அதேதான். எழுதிய வரிசை மட்டுமே வேறு.

9.0, 5.0 என்று தசமப் புள்ளியோடு எழுதும் பழக்கம் இதற்காகத்தான். எந்த மொழியில் எழுதினாலும் இது உங்களைக் காப்பாற்றும்.

அடைப்புக்குறி

திரும்பி வரும் நிரல் இது:

பா = 50.0
செ = (பா - 32.0) * 5.0 / 9.0
பதிப்பி "செல்சியஸ்:", செ

விடை 10. அடைப்புக்குறியை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். பெருக்கலும் வகுத்தலும் கழித்தலுக்கு முன்னால் நடக்கும் என்பதால், 32 * 5 / 9 முதலில் 17.78 ஆகும். 50-இலிருந்து அது போனால் 32.22. நிரல் எந்தப் புகாரும் சொல்லாது. 32.22 டிகிரி செல்சியஸ் என்பது நம்பும்படியான ஒரு வெப்பநிலை வேறு. உண்மையில் குளிர்ந்திருக்கும் ஒன்றை வெதுவெதுப்பானதாக உங்கள் நிரல் சொல்லிக்கொண்டிருக்கும்.

தெரிந்த விடையை வைத்துச் சோதிப்பதை முதல் நாளிலிருந்தே பழக வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அதற்கு முன், கணக்கைத் தனியே ஒரு நிரல்பாகமாகப் பிரித்துவிடுவோம்.

கணக்கு வேறு, காட்டுவது வேறு

நிரல்பாகம் பாரன்ஹீட்_ஆக்கு(செ)
    பின்கொடு செ * 9.0 / 5.0 + 32.0
முடி

நிரல்பாகம் செல்சியஸ்_ஆக்கு(பா)
    பின்கொடு (பா - 32.0) * 5.0 / 9.0
முடி

இந்த இரண்டுக்குள்ளும் 'பதிப்பி' இல்லை. வேண்டுமென்றே அப்படி எழுதினேன். நிரல்பாகம் எண்ணை வாங்கி எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் போதும். அதைத் திரையில் காட்டலாம், இன்னொரு கணக்கில் சேர்க்கலாம், சோதிக்கலாம். உள்ளேயே பதிப்பித்துவிட்டால் காட்டுவதைத் தவிர வேறு எதற்கும் உதவாது.

பெயரையும் கவனியுங்கள். 'மாற்று' என்று மட்டும் வைத்தால் எதிலிருந்து எதற்கு என்று இரண்டு வாரம் கழித்து உங்களுக்கே தெரியாது. பெயரைப் படித்தாலே என்ன கிடைக்கும் என்று தெரிய வேண்டும்.

சோதனை

கையில் வைத்துக்கொள்ள வேண்டிய ஜோடிகள் நான்கு. செல்சியஸில் 0 என்றால் ஃபாரன்ஹீட்டில் 32. 100 என்றால் 212. 37 என்றால் 98.6. நான்காவது எனக்கு மிகவும் பிடித்தது: −40 என்றால் −40. இரண்டு அளவைகளும் ஒரே எண்ணைக் காட்டும் ஒரே இடம் அது. ஏன் என்று பார்ப்பது எளிது. செல்சியஸில் ஒரு படி இறங்கினால் ஃபாரன்ஹீட்டில் 1.8 படி இறங்குகிறது. ஆகவே ஒவ்வொரு படிக்கும் இரண்டுக்கும் இடையிலான தூரம் 0.8 குறைகிறது. தொடக்கத்தில் தூரம் 32. 32-ஐ 0.8-ஆல் வகுத்தால் 40. நாற்பது படி இறங்கியதும் இரண்டும் சந்திக்கின்றன.

இதையெல்லாம் நிரலே சோதிக்கும்படி செய்வோம்:

நிரல்பாகம் சோதி(கிடைத்தது, வேண்டியது)
    வித்தியாசம் = கிடைத்தது - வேண்டியது
    @( வித்தியாசம் * வித்தியாசம் < 0.000001 ) ஆனால்
        பதிப்பி "சரி"
    இல்லை
        பதிப்பி "தவறு:", கிடைத்தது, வேண்டியது
    முடி
முடி

சோதி(பாரன்ஹீட்_ஆக்கு(0.0), 32.0)
சோதி(பாரன்ஹீட்_ஆக்கு(100.0), 212.0)
சோதி(பாரன்ஹீட்_ஆக்கு(37.0), 98.6)
சோதி(செல்சியஸ்_ஆக்கு(50.0), 10.0)

−40-ஐயும் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். 'கிடைத்தது வேண்டியதற்குச் சமமா' என்று நேரடியாகக் கேட்காமல், வித்தியாசத்தைத் தன்னோடு பெருக்கி 'மிகச் சிறியதா' என்று ஏன் கேட்கிறேன்? தன்னோடு பெருக்கினால் கழித்தல் குறி போய்விடும், அது ஒரு காரணம். வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். இன்னொரு காரணம்தான் முக்கியமானது.

98.60000000000001 எங்கிருந்து வந்தது?

பைத்தான் 3-இல் 37 * 1.8 + 32 என்று கேட்டுப் பாருங்கள். 98.60000000000001 என்று சொல்லும். அதையே 37 * 9 / 5 + 32 என்று கேட்டால் 98.6 என்று சொல்லும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கணினியில் ஏதோ கோளாறு என்றே நினைப்பார்கள். கோளாறு எதுவும் இல்லை.

மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுத முயன்றால் 0.3333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணை வைக்கிறது. அந்த முறையில் 1.8 என்பது முடிவில்லாமல் நீளும் எண். குறிப்பிட்ட இடத்தில் வெட்டி, அருகில் உள்ள எண்ணைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அப்படி வைத்த எண் 1.8-ஐவிட ஒரு இம்மி அதிகம். 37-ஆல் பெருக்கும்போது அந்த இம்மியும் 37 மடங்காகிறது. அது விடையை அடுத்த எண்ணுக்குத் தள்ளிவிடப் போதுமானதாக இருக்கிறது. 37 * 9 / 5-இல் என்ன நடக்கிறது? 37 * 9 என்பது 333, முழு எண், துளிப் பிழையும் இல்லை. கடைசியில் 5-ஆல் வகுக்கும்போது மட்டும் ஒரு தடவை வெட்டு விழுகிறது. வெட்டு குறைந்தால் பிழையும் குறையும். 1.8 என்று எழுதாமல் முதலில் 9-ஆல் பெருக்கி அப்புறம் 5-ஆல் வகுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனாலும் இந்தப் பிழையை முழுக்க ஒழித்துக்கட்டப் பார்க்காதீர்கள். அது கோடிக்கணக்கில் ஒரு பங்குக்கும் கீழே. எந்த வெப்பமானியும் அத்தனை நுட்பமாக அளக்காது. செய்ய வேண்டியவை இரண்டே: ஒப்பிடும்போது 'சமமா' என்று கேட்காமல் 'போதிய அளவு நெருங்கியிருக்கிறதா' என்று கேளுங்கள். காட்டும்போது மட்டும் ஓரிரு தசம இடங்களுக்கு முழுமையாக்குங்கள். நடுவில் முழுமையாக்கவே கூடாது. முழுமையாக்கிய எண்ணை மறுபடி மாற்றினால் பிழை உண்மையாகவே வளரும்.

முழுமையாக்குவதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 37 என்பதை 98.6 என்று எழுதியவுடன் அது பத்தில் ஒரு பங்கு வரை துல்லியமாகத் தெரிந்த எண்போலத் தோன்றுகிறது. உடல் வெப்பநிலை ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறுவது. '37 வாக்கில்' என்று இருந்ததை மாற்றும் நிரல் '98.6' என்ற கறாரான எண்ணாக ஆக்கிவிட்டது. உள்ளே வந்த எண்ணில் இல்லாத நுட்பத்தை வெளியே போகும் எண்ணில் காட்டக் கூடாது.

அட்டவணை

ஒரு எண்ணை மாற்றுவதைவிட ஒரு வரிசையை மாற்றிப் பார்ப்பது கண்ணுக்கு நல்லது:

செ = 0
@( செ <= 100 ) வரை
    பதிப்பி செ, பாரன்ஹீட்_ஆக்கு(செ)
    செ = செ + 10
முடி

32, 50, 68, 86, 104 என்று வரும். ஒவ்வொரு வரியிலும் 18 ஏறுகிறது, ஒரே சீராக. 18-க்குப் பதில் 10 ஏறினால், 9 / 5 வெட்டுப்பட்டு 1 ஆகிற முழு எண் வகுத்தல் உள்ளே புகுந்திருக்கிறது என்று அர்த்தம். 'செ = செ + 10' என்ற வரியை மறந்தால் நிரல் நிற்கவே நிற்காது, முதல் வரியையே பதிப்பித்துக்கொண்டிருக்கும்.

பத்துப் பத்தாகப் போவதற்குப் பதில் 0.1 வீதம் ஏற்ற ஆசைப்பட்டால் ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். 0.1-ஐப் பத்துத் தடவை கூட்டினால் கணினியில் 1 வராது, 0.9999999999999999 வரும். ஆகவே 0, 1, 2, 3 என்று முழு எண்ணாக எண்ணிக்கொண்டே போய், பயன்படுத்தும் இடத்தில் மட்டும் 10.0-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கெல்வினும் கீழ் எல்லையும்

வில்லியம் தாம்சன் 1848-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான். தண்ணீர், உப்பு என்று எந்தப் பொருளையும் சாராத அளவை ஒன்று வேண்டும் என்றார். இதற்குக் கீழே வெப்பநிலையே கிடையாது என்ற இடத்தில் அதன் 0 இருக்கிறது. அந்தத் தனிப்பூஜ்ஜியம் செல்சியஸில் −273.15, ஃபாரன்ஹீட்டில் −459.67. கெல்வினின் படியும் செல்சியஸின் படியும் ஒரே அளவு. ஆகவே மாற்றுவதற்குப் பெருக்கலே தேவையில்லை, 273.15-ஐக் கூட்டினால் போதும். கெல்வினுக்கு 'டிகிரி' என்று சொல்வதும் கிடையாது. 300 கெல்வின் என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் நிரலுக்கு இதனால் ஒரு பெரிய உதவி: இருக்கவே முடியாத உள்ளீட்டை மறுத்துவிடலாம்.

நிரல்பாகம் இருக்கக்கூடியதா(செ)
    @( செ + 273.15 < 0 ) ஆனால்
        பின்கொடு 0
    இல்லை
        பின்கொடு 1
    முடி
முடி

யாராவது −500 டிகிரி செல்சியஸ் என்று கொடுத்தால், சூத்திரம் கூச்சமே இல்லாமல் −868 என்று விடை சொல்லும். மறுப்பது நிரல் எழுதுகிறவர் வேலை. ஃபாரன்ஹீட்டில் வந்த எண்ணை முதலில் செல்சியஸாக்கி, அப்புறம் இந்தச் சோதனைக்கு அனுப்புங்கள். சரியாக எல்லையிலேயே இருக்கும் எண், மாற்றும்போது ஏற்படும் இம்மிப் பிழையால் எல்லைக்குக் கீழே விழக்கூடும். அதனால் 0 என்பதற்குப் பதில் மிகச் சிறிய ஒரு கழித்தல் எண்ணை வைத்தால் இன்னும் நல்லது.

விசைப்பலகையிலிருந்து எண்ணை வாங்கும்போது இன்னொரு சிக்கல். பைத்தானின் 'இன்புட்' தருவது எண் இல்லை, எழுத்துச் சரம். '37' என்று இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன, அவ்வளவுதான். 'ஃப்ளோட்' என்பதற்குள் போட்டால்தான் எண்ணாகும். யாராவது 'முப்பத்தேழு' என்றோ, எண்ணோடு அலகையும் சேர்த்தோ தட்டினால் அங்கே நிரல் முறிந்துவிடும். அந்த இடத்தில் நிரல் நின்றுபோகாமல் 'எண்ணை மட்டும் கொடுங்கள்' என்று மறுபடி கேட்கச் செய்யுங்கள். கேட்கும்போதே எந்த அளவையில் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். 'வெப்பநிலை?' என்று மட்டும் கேட்டால் 100 என்பது கொதிக்கும் தண்ணீரா, வெயில் நாளா என்று யாருக்கும் தெரியாது.

வித்தியாசத்தை மாற்றுவது வேறு வேலை

தேர்ந்தவர்கள்கூட வழுக்கி விழும் இடம் இது. 2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்படிக்கை, புவி வெப்ப உயர்வை 2 டிகிரி செல்சியஸுக்கு நன்கு கீழே வைக்கச் சொல்கிறது. இந்த 2-ஐ நம் 'பாரன்ஹீட்_ஆக்கு' நிரல்பாகத்துக்குக் கொடுத்தால் 35.6 வரும். உலகம் 35.6 டிகிரி ஃபாரன்ஹீட் சூடேறப்போகிறது என்று அர்த்தமாகிவிடும். சரியான விடை 3.6.

தாளில் வரைந்த இரண்டு கோடுகளுக்குத் திரும்புங்கள். 32 என்பது தொடக்கம் எங்கே என்பதைச் சொல்வது. உயர்வு என்பது ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு உள்ள தூரம். இரண்டு வெப்பநிலைகளையும் மாற்றிக் கழித்தால் இரண்டிலும் இருக்கும் 32 ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். படியின் அளவு மட்டுமே மிஞ்சும். ஆகவே இதற்குத் தனியாக ஒன்று எழுதுங்கள்:

நிரல்பாகம் பாரன்ஹீட்_வித்தியாசம்(செ)
    பின்கொடு செ * 9.0 / 5.0
முடி

இதே காரணத்தால்தான் 20 டிகிரி செல்சியஸ் என்பது 10 டிகிரியைப்போல் இரண்டு மடங்கு வெப்பம் ஆகாது. பூஜ்ஜியம் நாமாக வைத்த இடத்தில் இருக்கும் அளவையில் மடங்கு பேச முடியாது. கெல்வினில் அவை 293.15, 283.15. விகிதம் ஏறக்குறைய 1.035 தான்.

எல்லா அளவைகளுக்கும் ஒரே நிரல்பாகம்

செல்சியஸ், ஃபாரன்ஹீட், கெல்வின் மூன்றுக்கும் ஒவ்வொன்றிலிருந்தும் மற்றவற்றுக்கு மாற்ற ஆறு சூத்திரங்கள் வேண்டும். ரேங்கின், ரியோமர் என்ற வேறு இரண்டு வெப்பநிலை அளவைகளையும் சேர்த்தால் இருபது. இருபதையும் எழுதினால் எங்காவது ஒன்றில் தப்பு வந்தே தீரும். எல்லாவற்றையும் முதலில் கெல்வினாக்கி, அங்கிருந்து வேண்டியதற்குப் போவது ஒரு வழி. அப்போது அளவைக்கு இரண்டு சூத்திரம் போதும். நல்ல வழிதான். ஆனால் நாம் தாளில் வரைந்த படமே இன்னும் எளிய வழியைக் காட்டுகிறது:

நிரல்பாகம் அளவை_மாற்று(எண், உறை, கொதி, புது_உறை, புது_கொதி)
    பங்கு = (எண் - உறை) * 1.0 / (கொதி - உறை)
    பின்கொடு புது_உறை + பங்கு * (புது_கொதி - புது_உறை)
முடி

உறைவதிலிருந்து கொதிப்பது வரை உள்ள பாதையில் எத்தனை பங்கு வந்திருக்கிறோம் என்று முதல் வரி கேட்கிறது. புதிய அளவையில் அதே பங்கு எங்கே வரும் என்று இரண்டாவது வரி சொல்கிறது. 9/5 இல்லை, 5/9 இல்லை, 273.15-ஐக் கூட்டுவதா கழிப்பதா என்ற கேள்வியும் இல்லை. ஒவ்வோர் அளவைக்கும் இரண்டு எண்கள் தெரிந்தால் போதும்: செல்சியஸுக்கு 0, 100. ஃபாரன்ஹீட்டுக்கு 32, 212. கெல்வினுக்கு 273.15, 373.15. ரேங்கினுக்கு 491.67, 671.67. ரியோமருக்கு 0, 80.

37 டிகிரி செல்சியஸைக் கொடுத்துப் பாருங்கள். பங்கு 0.37. ரியோமரில் 29.6, கெல்வினில் 310.15, ரேங்கினில் 558.27. வெளியே காட்டும்போது முழுமையாக்க மறக்காதீர்கள், இம்மிப் பிழைகள் இங்கேயும் தலைகாட்டும்.

ஒரு சின்னத் திருத்தம்: இன்றைய துல்லியமான அளவீட்டில் இயல்பான காற்றழுத்தத்தில் தண்ணீர் 99.97 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. 2019 மே 20 முதல் கெல்வினை வரையறுப்பதும் தண்ணீர் இல்லை, போல்ட்ஸ்மன் மாறிலி என்ற மாறாத இயற்பியல் எண்தான். ஆகவே மேலே உள்ள ஜோடிகளை ஒவ்வொரு கோட்டிலும் ஒரே இடத்தைக் குறிக்கும் இரண்டு அடையாளங்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும் கணக்கு கொஞ்சமும் மாறாது.

இந்த நிரல்பாகத்தைத் தலைகீழ் அளவை ஒன்றில் சோதித்துப் பார்ப்பதுதான் நான் கொடுக்கும் கடைசிப் பயிற்சி. ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-இல் தன் அளவையை வெளியிட்டபோது, தண்ணீர் கொதிப்பதை 0 என்றும் உறைவதை 100 என்றும் வைத்தார். சூடு ஏற ஏற எண் குறையும். அவர் இறந்தபின்தான் அது இன்றைய வடிவத்துக்குத் திருப்பப்பட்டது. அவருடைய வெப்பமானி 63 காட்டினால் நம் கணக்கில் எவ்வளவு?

பதிப்பி அளவை_மாற்று(63, 100, 0, 0, 100)

63-இலிருந்து 100 போனால் −37. அதை வகுப்பது 0 - 100, அதாவது −100. இரண்டு கழித்தல் குறிகளும் அடிபட்டுப் பங்கு 0.37 ஆகிறது. தலைகீழ் அளவைக்கென்று ஒரு வரிகூடச் சேர்க்காமல் 37 என்ற விடை வருகிறது.